பள்ளி கார்னிவலில் வேலை செய்ய வரும் பெற்றோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு பள்ளியில் என் இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். நூலகத்துக்குப் புத்தகம் வாங்கவும் கழிப்பறைகளைப் பழுது பார்க்கவும் பணம் சேர்க்க, ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் எல்லோரும் சேர்ந்து கார்னிவல் நடத்துகிறோம். ஐந்து வருடமாக அதில் வேலை செய்கிறேன். முதல் வருடம் பஜ்ஜி மாவு கரைத்தேன். இப்போது கல்லா மேசை என் பொறுப்பு. பிழைப்புக்குப் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுவதால் அது என் தலையில் விழுந்தது. மார்கழி பிறந்தால் போதும், ஒரே கேள்விகள் ஃபோனில் வரிசையாக வரத் தொடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

கார்னிவல்னா என்னங்க, பொருட்காட்சி மாதிரியா?

பேர்தான் புதிது. மாரியம்மன் நோம்பிக்குக் கோயிலைச் சுற்றிப் போடுகிற கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ராட்டாந்தூரி என்கிற ராட்டினம், வளையல் கடை, பொரிகடலை, ஒரு மூலையில் வளையம் எறிகிற கூட்டம். அதையே பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் கடை விரித்து நடத்துகிறார்கள். நோம்பிக் கடையில் வருகிற காசு கடைக்காரருக்கு, இங்கே பள்ளிக்கு. இன்னொன்றும் நோம்பியிலிருந்து எடுத்துக்கொண்டோம். நோம்பி முடிந்ததும் ஊர்க் கூட்டத்தில் வரி இவ்வளவு வசூல், பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு என்று உரக்க வாசிப்பார்கள் அல்லவா? நாங்களும் அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ஒவ்வொரு வரியாக வாசிக்கிறோம். அந்த வாசிப்பு இல்லாவிட்டால் மறு வருடம் யாரும் மாவு கரைக்க வரமாட்டார்கள்.

எனக்கு ஒன்றரை ஷிப்ட்டுங்க. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் துணி துவைக்கவே நேரம். நான் எப்படி வர்றது?

முழு நாளும் யாரும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் போதும். ஆனால் "பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை" என்று சொன்னால் பத்து மணிக்கு நிற்க வேண்டும். நாள் முழுக்க "இதோ வந்துட்டேன் அக்கா" என்று சொல்கிறவரைவிட இரண்டு மணி நேரம் சொன்னபடி நிற்கிறவர் எனக்குப் பெரிய உதவி. அவரை நம்பி அடுத்தவரை வீட்டுக்கு அனுப்ப முடியும்.

அதுவும் முடியாதவர்களுக்கு வீட்டிலேயே செய்கிற வேலை இருக்கிறது. கூப்பன் புத்தகத்துக்கு முத்திரை குத்துவது, விலைப்பலகை எழுதுவது, வெட்டுத்துணியில் சின்னப் பைகள் தைப்பது. போன வருடம் ஓவர்லாக் டெய்லராக இருக்கும் ஓர் அம்மா, இரவு வேலை முடிந்து வந்து வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பையாகத் தைத்துக் கொடுத்தார். கார்னிவல் அன்று அவர் வரவே இல்லை. நன்றி சொல்லும்போது அவர் பேரைத்தான் முதலில் வாசித்தோம்.

என் பையன் நிற்கிற ஸ்டாலிலேயே என்னைப் போடுவீங்களா?

மாட்டோம். இதற்காகப் பாதிப் பேர் என்னோடு கோபித்துக்கொள்கிறார்கள், தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்பு வரை போட்டுக்கொண்டுதான் இருந்தோம். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி எலுமிச்சைச் சாறு விற்றாள். அப்பா பக்கத்திலேயே நின்றார். பாப்பா "ரெண்டு டம்ளர், முப்பது ரூபாய், ஐம்பது குடுத்தாங்க..." என்று விரலை மடக்குவதற்குள் அப்பா "இருபது குடு கண்ணு" என்றுவிடுவார். காலையிலிருந்து மதியம் வரை அந்தக் குழந்தை ஒரு கணக்குகூடப் போடவில்லை. பிறகு அவரைத் தண்ணீர் கேன் தூக்க அனுப்பினோம். மதியத்துக்கு மேல் அவள் இரண்டு முறை தப்பாகச் சில்லறை கொடுத்தாள், ஒரு முறை பத்து ரூபாய் விட்டாள். சாயங்காலம் அவளிடம் கேட்டால் எத்தனை டம்ளர் விற்றது, எத்தனை பாக்கி, எந்தச் சார் காசு கொடுக்காமல் குடித்துவிட்டுப் போனார் என்று எல்லாம் சொல்கிறாள்.

அதனால் எங்கள் ஏற்பாடு இப்படி: நெருப்பு, கொதிக்கிற எண்ணெய், கத்தி, கரண்ட், மொத்தப் பணம் ஆகிய ஐந்தும் பெரியவர்கள் கையில். கூவி விற்பது, பேரம் பேசுவது, கூப்பனை எண்ணி வாங்குவது, திட்டு வாங்குவது எல்லாம் பிள்ளைகளுக்கு. உங்கள் பிள்ளையின் கடைக்கு வாடிக்கையாளராக ஒரு முறை போங்கள். வரிசையில் நின்று போங்கள்.

எந்தப் பண்டம் நன்றாக ஓடும்?

எல்லோரும் பாஸ்தா, சாண்ட்விச், மொமோ என்றுதான் தொடங்குவார்கள். நான் முதலில் சொல்வது கம்பங்கூழ். எங்கள் அளவில் ஒரு கிலோ கம்பு கூழாகி, மோரும் சேர்ந்தால் முப்பது டம்ளர் பக்கம் வரும். சின்ன வெங்காயம், மோர் மிளகாய், மாங்காய்த் துண்டு கூட வைத்தாலும் அசல் ரொம்பக் கம்மி. முதல் நாளே காய்ச்சிவிடலாம், அன்று அடுப்பே வேண்டாம். பாட்டிமார்கள் கூழுக்காகவே வருவார்கள். வந்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு மற்ற கடைகளில் செலவு செய்யாமல் போவதில்லை.

அடுத்தது கரூர் பக்கத்துக் கரமும் சேலத்துத் தட்டுவடை செட்டும். தட்டுவடை, துருவிய கேரட், பீட்ரூட், இரண்டு வகைச் சட்னி. நடுவில் அடுக்கி மேலே இன்னொரு தட்டுவடை மூட வேண்டும், அவ்வளவுதான். கரத்துக்குப் பொரியும் முறுக்கும் நொறுக்கிச் சட்னியில் பிரட்ட வேண்டும். இரண்டுக்குமே நெருப்பு தேவையில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே கையுறை போட்டுக்கொண்டு கலக்கலாம். எங்கள் கார்னிவலில் அதிக லாபம் கொடுத்த ஸ்டால் இதுதான், அதுவும் இரண்டு வருடம் தொடர்ந்து.

கோவை ரோட்டோரக் காளானுக்கும் கூட்டம் வரும், வாசனையே ஆளை இழுக்கும். ஆனால் எண்ணெயில் பொரித்து, தோசைக்கல்லில் கொத்தி, ஒருவர் மாற்றி ஒருவர் நிற்க வேண்டும். கை தேர்ந்த ஆள் கிடைத்தால் மட்டும் வையுங்கள். ஒப்புட்டு, கச்சாயம் மாதிரி இனிப்புகளை வீட்டில் செய்து எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். காலை பதினொரு மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும். இடியாப்பம் மாதிரியான சந்தகையும் தேங்காய்ப்பாலும் ஒரு வருடம் வைத்தோம். ருசிக்குக் குறைவில்லை, ஆனால் தேங்காய்ப்பால் வெயிலில் நிற்காது. மதியம் பாதி கொட்டினோம். என் யோசனைதான் அது. இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

சாப்பாடு அல்லாதவற்றில் நம் ஊருக்கென்று ஒரு வசதி உண்டு. கம்பெனி வைத்திருக்கிற பெற்றோர் ஏற்றுமதியில் மிஞ்சிய குழந்தைகள் டீசர்ட்டுகளைக் கொடுப்பார்கள். அளவு வாரியாகப் பிரித்து வைத்தால்தான் விற்கும். குவித்துப் போட்டால் கிளறிவிட்டுப் போய்விடுவார்கள். கொடுக்கிறவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வெளிநாட்டுக் கம்பெனியின் லேபிள் இருந்தால் அதை வெட்டிவிட்டுத்தான் விற்கலாமா என்று. அவர்கள் ஒப்பந்தத்தில் அப்படி இருக்கும், நம்மால் அவர்களுக்குச் சிக்கல் வரக்கூடாது.

நான் அரிசியும் எண்ணெயும் இனாமாகத்தான் கொடுக்கிறேன். அப்புறம் எதற்கு அசல் விலை எழுதச் சொல்றீங்க?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம் என்று தோன்றியது.

ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். ஒரு ஸ்டாலில் 6,000 ரூபாய் வசூல். மாவு, எண்ணெய், கேஸ் எல்லாம் சேர்ந்து 4,500 ரூபாய். அதை ஒரு குடும்பம் தன் கையிலிருந்து போட்டுவிட்டது. மேடையில் "ஆறாயிரம் சம்பாதித்த கடை" என்று கை தட்டுகிறோம். உண்மையில் அந்தக் கடை சம்பாதித்தது 1,500. அந்தக் குடும்பம் 4,500 ரூபாயைப் பள்ளிக்கு நேராகக் கொடுத்துவிட்டு, நாள் முழுக்கப் புகையில் நிற்காமல் வீட்டில் இருந்திருக்கலாம். பக்கத்தில் கூழ்க் கடை 2,400 வசூல், அசல் 500. அதற்கு யாரும் கை தட்டவில்லை.

இனாமாகக் கொடுத்த பொருளுக்கும் சந்தை விலையை ஒரு பக்கம் எழுதுங்கள், "நன்கொடை" என்று. அப்போதுதான் அடுத்த வருடம் எந்தக் கடையை வைக்கலாம், எதை விடலாம் என்று தெரியும். கொடுத்தவருக்கும் மரியாதை. நான் முதல் வருடம் பஜ்ஜிக் கடையில் நின்றதாகச் சொன்னேன் அல்லவா? பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டால், எண்ணெய் விலையில் எல்லாம் கரைந்து, எங்கள் நான்கு பேரின் ஒரு நாள் உழைப்புக்கு 340 ரூபாய் மிச்சம். பஜ்ஜி நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தால் ஏதாவது விதி இருக்கா?

உணவு விற்பனைக்குப் பதிவு வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பொதுவான விதி. ஒரு நாள் பள்ளி நிகழ்ச்சிக்கு என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் பள்ளி மூலம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இது பள்ளியின் வேலை, தனித்தனிப் பெற்றோரின் வேலை இல்லை.

நம் கையில் இருப்பது வேறு. சூடாகப் பரிமாற வேண்டியது கை பொறுக்காத சூட்டில், அதாவது 60 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். மோர், தயிர், பால் ஐஸ் பெட்டியில் இருக்க வேண்டும். நடுவில் இளஞ்சூட்டில் மணிக்கணக்காக நிற்கிற சாதமும் சட்னியும்தான் வயிற்றைக் கெடுக்கும். தேங்காய்ச் சட்னியைக் காலையில் ஒரே அடியாக அரைக்காமல் இரண்டு தடவையாக அரையுங்கள். நிலக்கடலை சேர்த்திருந்தால் பலகையில் எழுதிப் போடுங்கள். ஒவ்வாமை உள்ள பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம்.

பஞ்சு மிட்டாய் வைக்கலாமா என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். 2024 பிப்ரவரியில், துணிக்குப் போடுகிற ரோடமின்-பி சாயம் இருந்ததால் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய் விற்பனையைத் தடை செய்தது நினைவிருக்கும். சாயப்பட்டறை ஊர்க்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட சரக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேண்டாம், விட்டுவிடுவோம். எள்ளுருண்டை இருக்கிறது.

அடுப்பு, சிலிண்டர், கரண்ட் விஷயத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் சமையல் நெருப்பு கீற்றுக் கூரையில் பற்றி 94 குழந்தைகள் போனார்கள். அதற்கு மேல் காரணம் சொல்ல வேண்டுமா?

கீற்றுப் பந்தல் கிடையாது. அடுப்பு எல்லாம் மைதானத்தின் ஒரே ஓரத்தில், வகுப்பறைக்கும் வெளியேறும் வழிக்கும் தள்ளி. ஒவ்வோர் அடுப்புக்கும் பக்கத்தில் மணல் வாளி, அடுப்பு வரிசைக்கு இரண்டு தீயணைப்பான். அதை இயக்கத் தெரிந்த ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். வீட்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், விற்பனைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. வணிக சிலிண்டரைப் பள்ளியே எடுத்துக் கொடுக்கும். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள், துப்பட்டாவைக் கட்டிக்கொள்ளுங்கள்.

கரண்ட்டுக்கு ஒரு சின்னக் கணக்கு. வகுப்பறையில் இருக்கிற 6 ஆம்ப் சாக்கெட் 1,300 வாட் வரைதான் தாங்கும். இண்டக்ஷன் அடுப்பு 2,000 வாட். ஒரு வருடம் ஓர் அப்பா ஜன்னல் வழியாக வயரை இழுத்து இண்டக்ஷனைச் சொருகினார். அந்த வரிசை முழுக்க இருட்டு. மைக் செட்டும் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்து மேடையில் தலைமையாசிரியர். உங்கள் ஸ்டாலுக்கு என்ன மின்சாதனம் என்பதை ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள், எலக்ட்ரீசியன் வயர் இழுத்து வைப்பார்.

பேப்பர் கப் வாங்கிட்டு வரட்டுமா? பிளாஸ்டிக் இல்லையே.

இல்லைதான், ஆனால் உள்ளே பிளாஸ்டிக் பூசியிருக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டுப் பொருள்கள் 14. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் தட்டும் இருக்கின்றன. உறிஞ்சுகுழலும், துணி மாதிரி இருக்கும் நெய்யாத பையும்கூட உண்டு. பாக்குமட்டைத் தட்டும் வாழையிலையும் வாங்குங்கள். கூழுக்கும் சாறுக்கும் நாங்கள் எவர்சில்வர் டம்ளர்கள் வாடகைக்கு எடுக்கிறோம், கழுவ இரண்டு பேர் மாற்றி மாற்றி. இந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை. நீங்கள் வருகிறீர்களா?

அதிர்ஷ்டக் குலுக்கல் வைத்தால் நிறைய வசூலாகுமே?

ஆகும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்துப் பரிசு குலுக்கினால் அது லாட்டரி இல்லாமல் வேறென்ன? 2003 முதல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டு விற்கத் தடை. வாரக் கூலியை லாட்டரிக் கடையில் விட்டுவிட்டு வந்த அப்பாக்களைப் பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள், பிள்ளைகள் கையில் அந்தச் சீட்டுக் கட்டைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கையும் கண்ணும் வேலை செய்கிற விளையாட்டு எத்தனையோ இருக்கிறது: அடுக்கிய பெயிண்ட் டப்பாவைப் பந்தால் அடிப்பது, பம்பரம், சாக்கு ஓட்டம், உறியடி. பூசணிக்காயைத் தூக்கிப் பார்த்து எடை சொல்வதற்கு எங்கள் ஊர் விவசாயிகள் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள். ஒருவர் அதில் ஐம்பது கிராம்கூடத் தவறவில்லை.

வளையம் எறியும் விளையாட்டுக்கு ஒரு ரகசியம். யுகேஜி பிள்ளைக்கு ஒரு கோடு, ஐந்தாவதுக்கு ஒரு கோடு, அப்பாக்களுக்கு இன்னும் தள்ளி ஒரு கோடு. சின்னப் பிள்ளைகள் மூன்றில் ஒன்றாவது ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரமாட்டார்கள். அப்பாக்கள் தோற்றால்தான் திரும்ப வருவார்கள்.

பணத்தை யார் வாங்குவது, யார் எண்ணுவது?

கல்யாண வீட்டு மொய் மேசையைப் பாருங்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணித் தொகையை உரக்கச் சொல்வார். இன்னொருவர் ஊர், பேர், தொகை என்று நோட்டில் எழுதுவார். வாங்குகிறவர் எழுதுவதில்லை, எழுதுகிறவர் பணத்தைத் தொடுவதில்லை. மூன்றாவதாக ஒரு பங்காளி பக்கத்தில் சும்மா நிற்கிற மாதிரி நிற்பார், அவர் சும்மா நிற்பதில்லை. நான் பார்த்த எந்தக் கம்பெனியின் கணக்கு முறையும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை.

எங்கள் கார்னிவலில் இப்போது ஸ்டாலில் காசு கிடையாது, கூப்பன்தான். நுழைவாயிலில் மூன்று மொய் மேசை. பத்து ரூபாய்க் கூப்பன் மஞ்சள், இருபது பச்சை, எல்லாவற்றிலும் வரிசை எண். எந்த மேசைக்கு எந்த எண் முதல் எந்த எண் வரை கொடுத்தோம் என்று காலையிலேயே எழுதி மூன்று பேர் கையெழுத்து. மாலையில் விற்ற கூப்பனும் பணமும் ஒத்துப்போக வேண்டும். ஸ்டாலில் சேர்ந்த கூப்பனை எண்ணினால் எந்தக் கடை எவ்வளவு விற்றது என்றும் தெரிந்துவிடும். மேசைக்கு ஆயிரம் ரூபாய் சில்லறை வெள்ளிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள், ஞாயிறு எந்த வங்கியும் திறந்திருக்காது. பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்காதீர்கள். நம் பக்கத்தில் அது செல்லாது என்று ஒரு பேச்சு இன்னும் ஓடுகிறது. எல்லா வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இலேயே சொல்லிவிட்டது.

மீந்த கூப்பனுக்குப் பணம் திரும்பத் தருவோமா? ஐந்து மணி வரை தருவோம். "பள்ளிக்குத்தானே, விட்டுவிடுங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டாம். பெரும்பாலானோர் அவர்களாகவே விட்டுவிடுகிறார்கள்.

ஜிபே இருக்கே, என் நம்பரையே ஒட்டிவிடட்டுமா?

தயவு செய்து வேண்டாம். ஒரு வருடம் பள்ளியின் கியூஆர் அட்டை வரத் தாமதமாயிற்று, நல்ல மனதோடு ஒருவர் தன் கியூஆரை மேசையில் வைத்தார். மாலையில் ஒவ்வொரு பைசாவையும் பள்ளிக் கணக்குக்கு மாற்றி, பட்டியலையும் அச்செடுத்துக் கொடுத்தார். இருந்தும் அவர் கணக்கில் அன்று வேறு வியாபாரப் பணமும் வந்திருந்ததால், எது எது என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டேதான் இருந்தார்கள். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. அடுத்த வருடம் அவர் வரவில்லை. அவரைப் போல வேலை செய்கிற ஆள் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பள்ளிக் கணக்கின் கியூஆர் மட்டும். தொகையைச் சொல்லும் ஒலிப்பெட்டியும் வேண்டும். பணம் போனதாக ஃபோன் திரையைக் காட்டினால் போதாது, பெட்டி சொல்ல வேண்டும். ஒரே மைதானத்தில் ஆயிரம் பேர் கூடினால் நெட்வொர்க் படுத்துவிடும். ஆகவே பள்ளி அலுவலகத்தின் வைஃபையை மொய் மேசை வரைக்கும் கொண்டுவந்துவிடுங்கள்.

எந்த மாதம் வைத்தால் நல்லது?

தைப் பொங்கல் கழிந்து, முழுப் பரீட்சைக்கு முன்னால். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் பக்கம் எப்படி அடிக்கும் என்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைக் கேளுங்கள். ஒரு பழைய பள்ளியில் ஆனி மாதம் கார்னிவல் வைத்து, சாமியானா பக்கத்துச் சோளக்காட்டில் போய் விழுந்தது. முகூர்த்த நாளாக இருந்தால் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள், பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்காது. காலண்டரைப் பார்த்து நாளைக் குறியுங்கள். சனிக்கிழமை கூலி வாங்கியவர்கள் கையில் ஞாயிற்றுக்கிழமை காசு இருக்கும், அது நம் ஊருக்குத் தனி வசதி. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதியைப் பள்ளி வாங்கிவிடும்.

கூப்பன் வாங்கினதுக்கு வருமான வரிச் சலுகை கிடைக்குமா?

கிடைக்காது. நீங்கள் கொடுத்த காசுக்குத் தட்டுவடை சாப்பிட்டுவிட்டீர்கள், அது நன்கொடை ஆகாது. தனியாக நன்கொடை கொடுத்தால், பள்ளியை நடத்தும் அறக்கட்டளைக்கு நாம் 80ஜி என்று சொல்லிப் பழகிய அனுமதி இருக்க வேண்டும். நீங்கள் பழைய வரி முறையில் இருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்திருக்கவும் கூடாது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்க பிள்ளைங்க அரசுப் பள்ளியில் படிக்கிறாங்க. நாங்களும் இப்படி நடத்தலாமா?

உங்களிடம் ஏற்கெனவே ஒரு அமைப்பு இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். எதைச் செய்தாலும் அந்தக் குழுவில் தீர்மானம் போட்டு, தலைமையாசிரியரோடு சேர்ந்து செய்யுங்கள். பணம் தனி ஆள் கையில் நிற்கக் கூடாது. ஊரை விட்டு வெளியே இருக்கிற பழைய மாணவர்கள் உதவ நினைத்தால் 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் இணையதளம் வழியாகக் குறிப்பிட்ட பள்ளிக்கே கொடுக்கலாம்.

நாங்க பீகாரிலிருந்து வந்தவங்க. எனக்குத் தமிழ் சரியா வராது. என்னையும் சேர்த்துக்குவீங்களா?

இந்தக் கேள்வியை அந்த அம்மா கேட்கவில்லை. மூன்றாவது படிக்கிற அவர் மகள்தான் அம்மாவுக்காக நல்ல கொங்குத் தமிழில் கேட்டாள், "சேத்திக்குவீங்களாங்க ஆன்ட்டி?" என்று. சேர்த்தோம். அவர் லிட்டியும், கத்தரிக்காயைச் சுட்டு மசித்த சோக்காவும் செய்தார். மகள் நின்று கூவினாள். முதலில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் "இதென்னங்க, சுட்ட உருண்டையா?" என்றார்கள். மதியத்துக்குள் தீர்ந்துவிட்டது. இப்போது அந்த வரிசையில் ஒடியாக் குடும்பம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது.

கூட்டத்தில் குழந்தை காணாமல் போய்விட்டால்?

மேடைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மேசை, இரண்டு ஆசிரியர்கள். எந்தக் குழந்தை தனியாக நின்றாலும் அங்கே கொண்டுவந்து விடுங்கள், நீங்களே வெளியே தேடிக்கொண்டு போகாதீர்கள். சின்னப் பிள்ளைகளின் சட்டைப் பையில் பெற்றோர் ஃபோன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள். மைக்கில் குழந்தையின் பேரைச் சொல்ல மாட்டோம், பெற்றோரை மட்டும் கூப்பிடுவோம். மற்றவர் பிள்ளைகளின் படத்தை எடுத்து ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

வராவிட்டால் பிள்ளையைப் பள்ளியில் ஏதாவது நினைப்பாங்களா?

யார் வந்தார், யார் வரவில்லை என்ற பட்டியல் ஆசிரியர்களிடம் போகாது. கட்டாயமும் இல்லை. வகுப்புக்கு இத்தனை கூப்பன் விற்றே ஆக வேண்டும் என்று பிள்ளைகளிடம் புத்தகத்தைக் கொடுத்து வீடு வீடாக அனுப்புகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. எங்கள் பள்ளியிலும் ஒரு வருடம் நடந்தது. ஒரு பாப்பா விற்காத கூப்பனைப் பைக்குள் மறைத்து வைத்து, மூன்று நாள் பள்ளிக்கு வர மாட்டேன் என்று அழுதிருக்கிறாள். அன்றோடு நிறுத்தினோம். யாராவது மறுபடி தொடங்கினால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், நானும் எழுந்து நிற்கிறேன்.

மறுநாள் என்ன வேலை இருக்கு?

திங்கள் காலை ஒன்பது மணிக்கு ஆறு பேர் வேண்டும். மைதானத்தில் ஊசி, ஆணி, உடைந்த குச்சி ஏதும் கிடக்கக் கூடாது, பிள்ளைகள் காலை இடைவேளையில் வெறுங்காலோடு ஓடுவார்கள். இலையும் காய்க்கழிவும் பள்ளித் தோட்டக் குழிக்கு. வாடகைப் பாத்திரம் எண்ணித் திருப்ப வேண்டும், டம்ளர் ஒன்று குறைந்தாலும் கடைக்காரர் பிடித்துக்கொள்வார். வீட்டிலிருந்து கொண்டுவரும் பாத்திரத்தில் பேர் வெட்டியிருந்தாலும் அடியில் ஒரு துணி டேப் ஒட்டி வகுப்பும் பிள்ளை பேரும் எழுதிவிடுங்கள். ஒரு பித்தளைக் கரண்டி, இரண்டு இட்லித் தட்டு, 'கு.ப.' என்று வெட்டிய ஒரு தூக்குப் போசி, எல்லாம் போன வருடத்திலிருந்து என் வீட்டு அட்டாலியில் இருக்கின்றன. யாருடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.